சரோதும் சிதாரும் சேரும் இடம்

12 மே 1943

காஜா பெராங் தெருவில் ஆம்பளை நடமாட்டமே இல்லை. நம்ம ஊர்க்காரன் தம்பிராஜா லாரியோடு வந்து சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறான். ஜப்பான்காரன் ஒருவன் சும்மா துணைக்கு வருகிறான். வீட்டைக் காட்டிக்கொடுப்பது தம்பிராஜாதான். நேற்றிலிருந்து என் மச்சானை, கட்டின புருஷனை, எங்கள் ஜவுளிக்கடைக்கு மேலே பரணில் ஒளித்துவைத்திருக்கிறேன். கேட்பவர்களிடம், "சிங்கப்பூர் போனவர் திரும்பவில்லை" என்று சொல்லணுமாம். பொய் சொல்ல எனக்கா சொல்லித்தரணும்?

14 மே

பரண் பலகை கிறீச்சிடுகிறது. மச்சானுக்கு இருமல் வேறு. அதனால் ஓர் ஏற்பாடு: அந்நியர் யாராவது வந்தால் நான் கிராமபோனைச் சுற்றிவிடுவேன். அது கேட்டால் அவர் அசையக்கூடாது. தப்பித்தவறி இருமினாலும் அதில் அமுங்கிவிடும்.

இங்கிலீஷ் ரிக்கார்டெல்லாம் பறிமுதலாகிவிட்டது. மிச்சம் ஒரு கல்கத்தா ரிக்கார்டு, சரோது, சிதார் என்று இரண்டு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பது. வார்த்தையே இல்லாததால் எவனும் குற்றம் சொல்ல முடியாது.

மச்சானுக்கு அதுதான் உயிர். ஜவுளி விற்க வந்த வடக்கத்திக்காரர் ஒருவர் பழக்கிவிட்ட வியாதி. இரண்டும் தனித்தனியே ஓடி, தாளத்தின் முதல் அடியில் ஒன்றாய் வந்து விழும். அங்கே தொடையைத் தட்டி "சபாஷ்" என்பார். வாயில் சோறு இருந்தாலும் சொல்வார். எனக்கு எது சரோது, எது சிதார் என்று இன்றுவரை தெரியாது. "உனக்குக் காது எதுக்கு, கம்மல் போடவா?" என்பார்.

20 மே

இன்றும் மரவள்ளிக்கிழங்கு.

2 ஜூன்

"ஒரு தடவை பாட்டுப் போடேன், பைத்தியம் பிடிக்குது" என்று கெஞ்சினார். ஊசி தேய்ந்தால் வேறு எங்கே கிடைக்கும்? முடியாது என்றேன். கோபத்தில் சாப்பிடவில்லை.

11 ஜூன்

வந்தார்கள்.

ரிக்கார்டைப் போட்டேன். "கபீர் எங்கேம்மா?" என்றான் தம்பிராஜா. சிங்கப்பூர் கதையைச் சொன்னேன். நம்பிவிட்டான். வாசல் வரை போய்விட்டான். அந்த ஜப்பான்காரன்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முடிந்ததும் கையைத் திருப்பிக் காட்டினான் — மறுபக்கம் போடு என்று. மாட்டேன் என்றா சொல்வது?

மறுபக்கம் வேகம். இரண்டும் ஒன்றையொன்று விரட்டி, விரட்டி, சேர்ந்து வந்து விழுந்தன. மேலேயிருந்து, தெளிவாக —

"சபாஷ்."

நான் இருமினேன். இருமி என்ன? தம்பிராஜா அண்ணாந்து பார்த்துவிட்டான்.

12 ஜூன்

அட பாவி மனுஷா, வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா உனக்கு? ஒரு மாசம் மூச்சுக்காட்டாம இருந்தியே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் முன்னாடியே போட்டிருந்தா உன் தாகம் தீர்ந்திருக்குமோ?

லாரியில் ஏறும்போது, "தெரியாம வந்துடுச்சு புள்ளே" என்றார். தெருவே பார்க்கத் திட்டினேன்.

செப்டம்பர், தேதி நினைவில்லை

சேதி இல்லை. சயாம் என்றாலே எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

3 நவம்பர் 1945

அதே லாரியில் போன பொன்னுதுரை திரும்பியிருக்கிறார், எலும்பும் தோலுமாக. மச்சான் போன இரண்டாம் மாசமே காலராவில் மௌத்தாகிவிட்டாராம். சுற்றி அடக்கம் பண்ணக் கபன் துணிகூட இல்லையாம். ஜவுளிக்கடைக்காரருக்கு.

புருஷன் மௌத்தானால் பெண்டாட்டி உள்ளே அடைந்திருக்க வேண்டிய இத்தாவுக்காக உள்ளறையைக் கூட்டி, வெள்ளைச் சேலை எடுத்துவைத்தேன். பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுவர ஆள் அனுப்பினேன். மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு. நாலு மாசம் பத்து நாளும் எப்போதோ கழிந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அவர் போன வருஷம், அந்த நாலு மாசம் பத்து நாளுக்குள்தான் பெருநாள் வந்தது. வந்தாலும் வருவார் என்று, இத்தாவில் தொடக்கூடாத மருதாணியை இரண்டு கைக்கும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

சேலையை மடித்து வைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன்.