நுணா இலையும் சித்தப்பாவின் நாக்கும்

நவ. 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். இலை காயவில்லை. லேப் தரையில் செய்தித்தாள் விரித்து, மேலே ஃபேன். நுணா, மூன்றாவது சேகரிப்பு. வாங்க வேண்டியவை: வடிதாள், கையுறை, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.
மதியம் ஆலங்குடியிலிருந்து சித்தி போன். "ஒங்க சித்தப்பாவுக்கு நாக்குப் புண்ணு ஆறவே இல்ல செல்வி. சோத்த முழுங்க முடியல. மூணு மாசமா நீ சொன்ன எலையத்தான் அரைச்சுக் குடுக்குறேன். அளவக் கூட்டவா?"
வேண்டாம், ஞாயிறு வாரேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவ. 5, செவ்வாய்
மழை. வேலை ஓடவில்லை. ஆடியில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.
என் ஆராய்ச்சியைப் பற்றி நியூஸ் பேப்பரில் வந்தது. நுணா இலையில் புற்றுநோய்க்கு மருந்து, புதுக்கோட்டை மாணவி கண்டுபிடிப்பு என்று தலைப்பு. நான் சொன்னது அதுவல்ல. லேப் தட்டில் வளர்த்த புற்று செல்களை இலைச் சாறு அழித்தது, அவ்வளவுதான். மறுப்பு அனுப்பலாமா என்று கைடு மேடத்திடம் கேட்டேன். "விடும்மா, காலேஜுக்கு நல்ல பேருதானே." விட்டேன். எனக்கும் பிடித்திருந்தது. போட்டோ நன்றாக வந்திருந்தது.
சித்தப்பா அதை வெட்டி, தன் தேங்காய் குடோனில் ஒட்டினார். அதே வாரம் போனில் கேட்டார். "ஆத்தா, நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு. டாக்டர் சதை எடுத்துப் பாக்கணுங்கிறாரு. ஒன் எலைய அரைச்சுக் குடிக்கவா?"
"குடிங்க சித்தப்பா, கெடுதல் ஒண்ணும் இல்ல."
டாக்டரிடமும் போங்க என்று சொன்னதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

நவ. 10, ஞாயிறு
ஆலங்குடி. பஸ்ஸில் நிற்கத்தான் இடம். சித்தப்பா பாதியாகிவிட்டார். கொல்லையில் நுணா மரம் இரண்டும் மொட்டை.
"எலைய நிப்பாட்டுங்க சித்தப்பா. நாங்க அத மெத்தனால்ல ஊறவச்சு, வத்தவச்சு, தட்டுல இருக்குற செல்லு மேல ஊத்திப் பாக்குறோம். மனுச ஒடம்புல பாக்கல."
"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யா?"
"கூட்டிப் போட்டுட்டாங்க."
"நீ ஒண்ணுஞ் சொல்லலயே ஆத்தா."
கோபமே இல்லை குரலில். திட்டியிருந்தால் தேவலை.

நவ. 12, செவ்வாய்
திருச்சி ஆஸ்பத்திரி. சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

நவ. 20, புதன்
புற்றுதான். கழுத்து நெறிக்கட்டிக்கும் பரவியிருக்கிறது. நாக்கில் பாதி எடுக்க வேண்டும். "மூணு மாசம் முன்னாடின்னா ஓரத்த மட்டும் எடுத்திருப்போம். ஏன் வரல?" என்றார் டாக்டர்.
நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "யாவாரம் சார். நேரம் ஒழியல."
என் பக்கம் திரும்பவே இல்லை.

நவ. 22, வெள்ளி
பேப்பர் ஆபீசுக்கு போன். "ஆடி மாசச் செய்திக்கு இப்ப மறுப்பு போட மாட்டாங்க மேடம்." கைடு மேடத்திடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆய்வேட்டில் 'மனிதரில் சோதிக்கப்படவில்லை' என்று முதல் பக்கத்திலேயே சேர்த்தேன். யார் படிக்கப்போகிறார்கள்?

டிச. 2, திங்கள்
ஆபரேஷன். உள்ளே போகும்போது சித்தியிடம், "மோட்டார நிப்பாட்டுனியா?" என்றார். தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். எனக்கென்று ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றிருந்தேன்.
மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். உயிருக்கு பயமில்லை. அடுத்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். இனி பேச்சு குழறும் என்றார். தேங்காய் ஏலத்தில் அவர் குரல்தான் முன்னால் நிற்கும்.

டிச. 6, வெள்ளி
வெயில். மூக்கில் குழாய், கஞ்சி இறங்குகிறது. பக்கத்து பெட் விராலிமலைக்காரருக்கு. அவர் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எலையில மருந்து கண்டுபிடிச்ச புள்ள நீங்கதானாமே. ஒங்க சித்தி சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கலாங்களா? ஆபரேஷனுக்கு பயப்படுறாரு."
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தட்டு என்ன, செல் என்ன, மனித உடம்பு எப்படி வேறு, டாக்டர் சொன்ன தேதியை ஏன் தள்ளக் கூடாது, எல்லாம் சொன்னேன். திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னேன். சித்தப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.
எல்லாம் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. ஆடியில் போனில் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான்.