முகமூடிக்காரரை மாமா பாடிய கதை

என் செல்லத் தம்பி குகனுக்கு,

நேற்று உன் ஆண்டுத்திவசம். மாமாவைப் பழிவாங்கிவிட்டேன். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. செத்தவீட்டுத் துடக்குக் கழிவுக்கு, தீட்டுப் போக வீடு கழுவிய அன்று மாமா கிருலப்பனையிலிருந்து வந்து எல்லாவற்றையும் தானே முன்னின்று நடத்தினார். நான் ஐயர் சொன்ன சாமான்களை வாங்க வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் வருவதற்குள், உன் கட்டிலுக்குக் கீழே இருந்த கொமிக்ஸ் பெட்டிகள் எல்லாம் பழைய பேப்பர் வாங்குகிறவனின் வண்டியில் ஏறிவிட்டன. பள்ளிக்கூட நாளிலிருந்து நீ ஒவ்வொன்றுக்கும் உறை போட்டுச் சேர்த்தவை.

"நாப்பது வயசிலயும் படக்கதை வாசிச்சவன் எண்டு சனம் சிரிக்கும். செத்த பிள்ளையின்ர பேரைக் காப்பாத்த வேணும்" என்றார். யாரிடமிருந்து காப்பாற்ற? நீ ஒளித்தா வாசித்தாய்?

அத்தோடு விட்டாரா? உன் கல்வெட்டையும் அவரே எழுதினார். செத்தவரின் வாழ்க்கையைப் பாட்டாக்கி அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சபையில் ராகத்தோடு படிப்பதென்றால் நம் குடும்பத்தில் அது அவருடைய தனிச்சொத்து. "வீண்பொழுது போக்காத வித்தகன்" என்று உன்னைப் பாடினார். விடியற்காலையில் எழுந்து தேவாரம் ஓதினாய் என்றும் பாடினார். நீயா? எட்டு மணிக்குத் தண்ணீர் தெளித்துத்தானே உன்னை எழுப்புவோம். சபை பக்தியோடு தலையாட்டியது. உன் புத்தகங்களைத் தூக்கியவர், அந்த இடத்தில் யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அந்த ஆத்திரத்தில்தான் என் டெப் கணினியில் கொமிக்ஸ் செயலியை இறக்கி மாதச் சந்தா கட்டினேன். பேப்பர்காரனின் வண்டி அங்கே வராது.

ஆனால் எங்கே தொடங்குவது? நீ இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாய். நான் ஒழுங்கான பிள்ளையாக முதலாம் இதழைத் திறந்தேன். அம்மா பிறப்பதற்கு முன் வந்தது. சண்டை பிடிக்கும்போதும் ஓயாமல் கதைக்கிறார்கள். அதை விட்டு வேறொன்றுக்குப் போனால், பாதிக் கதையில் "மிச்சத்தை அந்தத் தொடரில் பார்" என்கிறான். அங்கே போனால் இன்னொரு தொடருக்குத் துரத்துகிறான். ஆரம்பமே இல்லாத வீட்டுக்குள் எந்த வாசலால் நுழைவது?

பிறகு ஒருநாள், கோட்டைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது, உன் மேசையில் கனகாலம் கிடந்த ஓர் இதழின் அட்டை நினைவுக்கு வந்தது. மழைக்குள் பச்சை அங்கியோடு நிற்கும் ஒரு பெண். தேடித் தேடிப் பிடித்துவிட்டேன். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி வாசித்துக்கொண்டே கோட்டையையும் தாண்டி மருதானையில் இறங்கினேன். நீ சோற்றுக் கோப்பையோடு என் பின்னால் திரிந்து சொன்ன கதை அதுதான். அன்று கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

உன் முகமூடிக்காரர் சாகிறார்கள், குகன். ஊரே அழுது அடக்கம் செய்கிறது. சில இதழ் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்பி வருகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் டெப்பை எறியப் பார்த்தேன்.

எறியவில்லை. திவசத்துக்கு நினைவுமலர் அடிக்கும் பேச்சு வந்தபோது, "இந்த முறை பாட்டை நான் எழுதுறன், நீங்கள்தான் பாட வேணும்" என்று மாமாவிடம் சொன்னேன். மைக் என்றால் அவர் மறுப்பாரா? எழுதியதை அவர் கையில் கொடுத்தேன்:

முகம்மறைத்து நகர்காக்கும் காவ லோரே
முகில்கிழித்து வருவோரே கேட்பீர் ஐயா
மாண்டாலும் மறுமாதம் மீளு வோரே
மறந்தீரோ எம்குகனைக் கூட்டி வாரீர்

"காவலோர் எண்டது அட்டதிக்குப் பாலகர். மறுமாதம் மீளுறது சந்திரன். நல்லாய் எழுதியிருக்கிறாய் பிள்ளை" என்று அவரே பொருளும் சொன்னார். நான் அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

நேற்று வீடு நிறையச் சனம். மாமா கண்ணை மூடி, உருகி உருகிப் பாடினார். கடைசி வரியில் உன் பேருக்கு வந்ததும் தடுமாறி, அந்த வரியைத் திரும்ப எடுத்தார். முடிந்ததும் நான் எழும்பி, டெப்பில் முகமூடிக்காரரின் படத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். "மாமா இவ்வளவு நேரமும் பாடினது இவையளைத்தான். தம்பி வாசிச்சதும் இதைத்தான். தேவாரம் இல்லை."

உன்னோடு வேலை செய்த கந்தோர்ப் பெடியன்கள் கைதட்டினார்கள். மாமாவின் முகம் கறுத்துப் போனது.

"சபையில என்னைப் பேய்க்காட்டி ஏமாத்திப் போட்டாய், என்ன?"

"ஓம் மாமா. நீங்கள் என்ர தம்பியை வைச்சுச் சபையைப் பேய்க்காட்டினனீங்கள்."

அவர் சாப்பிடாமலே போய்விட்டார். திவச வீட்டில் தாய்மாமன் கை நனைக்காமல் போனதற்கு அம்மா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. போகட்டும். அவர் பாட்டில் தடுமாறியது உனக்காகத்தான், எனக்குத் தெரியும். அது எனக்குப் போதாது. இந்தக் கோபம் இருக்கிறவரைக்கும் நீ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. அதை விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்?

பச்சை அங்கிக்காரியின் கதையில் இப்போது கடைசிக்கு வந்துவிட்டேன். அவளுடைய வீட்டை எரித்தவன் அடுத்த இதழின் அட்டையில் முழங்காலில் நிற்கிறான். அவள் மன்னிக்கப் போகிறாள் என்று பார்த்தாலே தெரிகிறது. நான் அதைத் திறக்கவில்லை. மாமா உன் படத்துக்கு முன்னால் வந்து நின்று, "குகன், நான் செய்தது பிழை" என்று வாயால் சொல்லும் வரைக்கும் அந்த இதழைத் திறக்க மாட்டேன். சந்தா மட்டும் மாதாமாதம் போகும். இது உன்மேல் சத்தியம்.

மன்னிக்க மனமில்லாத
உன் அக்கா