ராணியின் சேலையில் எச்சில்

ஆடி முதல் வெள்ளி. தென்காசி.

இன்று டைரியில் எழுத வேண்டியவை:
1. படப்பிடிப்பில் நான் சொன்ன திருத்தம் சரி.
2. மைமூன் மேல் எனக்குப் பொறாமை.

சுந்தரபாண்டியபுரத்தில் சரித்திரத் தொடர் எடுக்கிறார்கள். அரண்மனை ஆதரவு வேண்டி ஓர் ஏழை நெசவுக்காரி ராணிக்குச் சேலை நெய்யும் கதை. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்பதால் பிழை பார்க்க என்னை அழைத்தார்கள். டைட்டிலில் பெயர் வரும் என்றார்கள். நடிகைக்குத் தறி பழக்க வந்தவள் அடுத்த தெரு மைமூன்.

இன்று அறுந்த இழையை நடிகை எச்சில் தொட்டு முறுக்கினாள். ராணியின் சேலையில் எச்சிலா, தண்ணீர் தொடட்டும் என்றேன்.

மைமூன் சிரித்தாள். “தண்ணி காஞ்சா இழை பிரிஞ்சிரும் சார்வாள், எச்சில்தான் பிடிக்கும். ராணி சேலைன்னா மட்டும் எங்க வாயில தேனா வடியுது?”

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். “அக்கா, இனி எல்லா சீனுக்கும் நீங்க பக்கத்துல இருங்க. சார், நீங்க நாளைக்கு ரெஸ்ட் எடுங்க.”

எனக்கு ஒருநாளும் அந்த நாற்காலியைத் தரவில்லை.

சற்றுமுன் துண்டிலிருந்து இரண்டு நூலை உருவி அறுத்தேன். ஒன்றைத் தண்ணீர் தொட்டும் மற்றதை எச்சில் தொட்டும் முறுக்கிக் காயவைத்தேன். தண்ணீர் தொட்டது பிரிந்துவிட்டது. மற்றதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை.

மேலே எழுதியதில் முதலாவது தவறு. இரண்டாவது அப்படியே இருக்கிறது.