கண்ணாடியைக் கேட்ட மகனுக்கு

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்

அன்புள்ள மகன் அன்புச்செல்வனுக்கு அம்மா இருதயமேரி சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெசிந்தா எழுதுவது. அப்பாவும் நானும் ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறோம், நீயும் துபாயில் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெசிந்தாவும் சுகம் என்று சேர்த்து எழுதத்தான் ஆசை, அவள் இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கும்போது அப்படிப் பொய் எழுத மனசு வரவில்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை தொடங்குவதற்குள் நீ எல்லாவற்றையும் பேசி முடித்து வைத்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. உன் சிநேகிதன் ரஞ்சித் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ரூமில் உட்கார்ந்து முழுசாகப் படி.

திண்டிவனத்திலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், கூடத்தில் மீன்தொட்டி இருந்தால் நன்றாக இருக்கும் என்றாய். சரி என்றோம். அங்கே உன் முதலாளி வீட்டில் இருக்கிற மாதிரி உள்ளே மலைபோலக் கல் அடுக்க வேண்டும் என்றாய். அதற்கும் சரி என்று அப்பா கண்டாச்சிபுரம் பக்கமிருந்து கருங்கல்லாகப் பார்த்து வண்டியில் ஏற்றி வந்தார். தொட்டியை இறக்க வந்த கடைக்காரர் மாசிலாமணி அப்போதே சொன்னார், "கல்லு வெக்கிறதா இருந்தா மொதல்ல அடியில மெத்துன்னு ஒரு ஷீட்டு போட்டு, அதுமேல கல்ல ஆடாம உக்கார வெச்சிடுங்க, அப்பறமா சுத்தி மணலு கொட்டுங்க" என்று. நீ வீடியோவில் இருந்துகொண்டு "அதெல்லாம் வேலைக்காவாது, மணல கொட்டிட்டு ஜல்தியா கெளம்புங்கண்ணே" என்றாய். அப்பாவும் தண்ணீர்ப் பானையை மணல்மேல்தானே வைக்கிறோம், ஆடாமல் நிற்கிறதே, கல்லும் நிற்கும் என்றார், நானும் ஆமாம் என்றேன். பானைக்கு அடியில் யாரும் தோண்டுவதில்லை. நீ ஆசைப்பட்டு வாங்கச் சொன்ன ஆஸ்கார் மீன்கள் வாயால் மணலை அள்ளி அள்ளி அந்தப் பக்கம் துப்பிக்கொண்டே இருந்தன. சில நாளில் அடிக்கல் ஒருபக்கம் இறங்கி, மேல்கல் முன்கண்ணாடியில் போய்ச் சாய்ந்துவிட்டது.

உடனே தண்ணீரை இறைத்துவிட்டுக் கல்லை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். நீ கேட்டாயா? "ஜெசி, நீ ஊட்ல சும்மாதான இருக்குற, கைய உட்டு அந்தக் கல்ல பின்னால தள்ளு" என்றாய். அவளும் போனை ஸ்டூல்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தோள் வரைக்கும் கையை விட்டாள். மேல்கல் வழுக்கி, விரல் இரண்டும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்தப் பெண் வாய்விட்டுக் கத்தி நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கத்தினாள். தண்ணீர் சிவந்துபோனது. அப்பா கல்லைத் தூக்க ஓடுகிறார், நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்த நேரத்தில் போனிலிருந்து உன் குரல் வருகிறது, "கண்ணாடி விரிசல் உட்டுச்சா பாரு, என்னா பாத்துக்கினு நிக்கிற, கண்ணாடிய பாரும்மா" என்று. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டி நன்றாக இருக்கிறது. உன் தங்கைக்கு நடுவிரல் நகம் போய்விட்டது, பக்கத்து விரலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், நுனியில் உணர்ச்சி திரும்புமா என்று கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

அவள் சும்மா இருக்கிறாள் என்றாயே, அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு படுத்தபோது ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து உட்கார்ந்தவள் அவள். இன்றைக்கு ஆரி வேலை கற்றுக்கொண்டு கல்யாண ஜாக்கெட்டுக்குப் பூப்போட்டுத் தருகிறாள். துணிக்கு மேலே ஊசி பிடிப்பது வலது கை, அடியில் நூலைக் கொடுப்பது இந்த இடது கை விரல்கள்தான். இதை எழுத மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள், எழுதுடி என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மறுநாளாவது கை எப்படி இருக்கிறது என்று கேட்பாய் என்று பார்த்தோம். பெண் வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்லைத் திரும்ப அடுக்குங்கள், இன்னும் கொஞ்சம் உயரமாக என்று வாய்ஸ் அனுப்புகிறாய். எனக்கு வந்த கோபத்துக்குப் போனையே அந்தத் தொட்டிக்குள் போட்டிருப்பேன். அப்பாதான், "பொண்ணு ஊட்டுக்காரங்க மீனுக்கா பொண்ணு குடுக்க வராங்க, வுடு மேரி" என்றார்.

கல்லை எல்லாம் எடுத்துக் கொல்லையில் போட்டாயிற்று, உன்னைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. மீன்கள் வெறும் மணலில் நன்றாகத்தான் சுற்றுகின்றன. கல் வேண்டும் என்றால் நீ லீவில் வந்து, தண்ணீரை வடித்து, மணலை ஒதுக்கி, ஷீட்டு போட்டு, கனமான தட்டைக்கல்லை அடியில் உட்கார வைத்து, கண்ணாடியில் படாமல் உன் கையாலேயே அடுக்கு. இனி என் பிள்ளை கையை அதற்குள் விட விடமாட்டேன்.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி, ராத்திரியில் பட்டினி படுக்காதே. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு நல்ல குடும்பம் அமையட்டும். இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடாதே, உன் தங்கையைக் கூப்பிடு, கை எப்படி இருக்கிறது என்று முதலில் கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
இருதயமேரி

அண்ணா, இனி எழுதுவது நான் மட்டும். அம்மா குழம்பை இறக்க உள்ளே போயிருக்கிறது. போகும்போது, "ரொம்ப கோவத்துல பேசிட்டன்டி, அந்தக் கண்ணாடி சமாச்சாரத்த மட்டும் அடிச்சிடு, புள்ள சாப்புடாம கெடப்பான்" என்று சொன்னது. சரிம்மா என்றேன். ரஞ்சித் அண்ணன் வாசலில் வந்து நிற்கிறார், கவரை ஒட்டப்போகிறேன். நான் எதையும் அடிக்கவில்லை.

ஜெசிந்தா