கப்பல் கிளம்பிவிட்டது என்றேன்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறுக்கே வேர்வை. பெருக்க இரண்டு தெரு. விளக்குமாறு கழன்றுவிட்டது, கயிறு கட்டி ஓட்டினேன்.

சூப்பர்வைசர் (இனி சூ. போதும், அந்த ஆளுக்கு முழுப்பெயர் ஒரு கேடு) வந்து சொன்னது: மாதக் கடைசியோடு காண்ட்ராக்ட் முடிகிறது. புது காண்ட்ராக்டர் வருகிறார். நாங்கள் மூன்று பேரில் ஒருத்தியைக் கழிப்பார்கள். யாரை என்பது ‘கவனிக்கிறதைப் பொறுத்து’. நாசமாய்ப் போக.

சாப்பாட்டு நேரம் வாகை மரத்தடியில் மூவரும். தங்கச்சி மகன் என் போனில் ஏற்றிக்கொடுத்த ஜப்பான் படத்தைப் போட்டேன். தமிழ் கிடையாது, அடியில் இங்கிலீஷ் ஓடுகிறது.

மங்கை: “அக்கா, நீதான பன்னண்டாவது. படிச்சிச் சொல்லு.”

பாதி புரிந்தது, மீதி நானே சேர்த்தேன். மீன் கொட்டகையில் கூலி வேலை செய்யும் மூன்று பெண்கள். வாடகை கொடுக்க வழியில்லை. முதலாளி வீட்டு இரும்புப்பெட்டியைத் தூக்கத் திட்டம். வெளியே பனி கொட்டுகிறது.

சரசு வாயைப் பிளந்தாள். “ஜப்பான்லயும் நம்மள மாதிரி இருக்கறாளுங்களா? அங்கல்லாம் பணக்காரனுங்கன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்.”

ஜூன் 5, வியாழன்

அனல் காற்று. மங்கை பலாச்சுளை கொண்டுவந்தாள். ஈ மொய்த்தது.

படம் இன்னும் கொஞ்சம். பெட்டியை எடுத்துவிட்டார்கள். சரசு சோற்றுக் கையைக் கழுவாமலே பார்த்தாள்.

அவள் மகளுக்கு வலிப்பு. மாத்திரை ஒரு நாள் தவறக்கூடாது. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். வளையமாதேவியில் களை எடுத்துப் பிழைத்தவள், சுரங்கத்துக்கு வயல் போனதும் இங்கே வந்தாள். “நெலம் இருந்தவங்களுக்கு ஏதோ குடுத்தாங்க. களை எடுத்தவளுக்கு யாருக்கா குடுப்பா?”

சூ.வைக் கவனிக்க மங்கையின் அண்ணன் இருக்கிறான். எனக்கு ஒரு பொட்டுத் தங்கம் இருக்கிறது. சரசுவுக்கு ஒன்றும் இல்லை. கழிவது யார் என்று மூவருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். காயும் முன்னே கொடியெல்லாம் அனல்மின் நிலையத்துப் புகைத்தூள். மறுபடி அலசல்.

மதியம் தனியாகப் படத்தை முடித்தேன். துறைமுகம். பெரிய கப்பல். மூவரும் மூட்டையோடு ஏறுகிறார்கள். மேலே போலீஸ் முன்பே வந்து நிற்கிறது. சின்னவள் கடலில் குதித்துவிடுகிறாள். மற்ற இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சோறு இறங்கவில்லை. படம்தானே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

டீச்சரம்மா கோயம்புத்தூர் போகிறார், பேரனைப் பார்க்க. அவர் குவார்ட்டர்ஸ் நாங்கள் பெருக்கும் தெருவில்தான். மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பின்கதவுச் சாவி தந்தார். குழாய் உள்ளே இருக்கிறது. சாவி என் சாப்பாட்டுப் பையில்.

மரத்தடி. கடைசிக் காட்சி. சரசு சிரித்துக்கொண்டிருந்தாள், இந்த மாதத்தில் முதல் தடவை. “ஏறுங்கடி, சீக்கிரம் ஏறுங்கடி” என்று போனைப் பார்த்துக் கத்தினாள்.

கப்பல் ஊதியது. நிறுத்திவிட்டேன். சார்ஜ் போச்சு என்றேன்.

“அய்யய்யோ, அப்புறம் என்னாச்சுக்கா? நீ பாத்துட்டியா?”

“பாத்தேன். கப்பல் கெளம்பிடுச்சு. மூணு பேரும் தப்பிச்சிட்டாளுங்க.”

சரசு கைதட்டினாள். “எங்கனா போயி நல்லா இருக்கட்டும்.”

சாயங்காலம் படத்தை அழித்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் பையில் சாவியைக் காணோம். உயிரே இல்லை. மத்தியானம் அதே பையில் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. எனக்கு வயதாகிறது.

சரசு காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கோ போனாள். ஒன்பதுக்குமேல் வந்தாள். மகளுக்கு ஆஸ்பத்திரி என்றாள்.

தண்ணீர் ஊற்றினேன். மல்லிகை நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 14, சனி

எழுதக் கை வரவில்லை.

டீச்சரம்மா மதியம் வந்தார். உள்ளறையில் பீரோ திறந்து கிடந்ததாம். வளையல் ஜோடி இல்லை. கேட்டது என்னைத்தான். வேறு யாரைக் கேட்பார்? என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். “விஜயா, சாவி உன்கிட்டதானே இருந்துது?”

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சத்தியம் பண்ணினேன், அழுதேன். மனதுக்குள் வியாழக்கிழமை ஓடிக்கொண்டே இருந்தது. சரசு பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. இருட்டும் முன் அவளையே கூட்டிவந்துவிட்டார்கள்.

நேற்று வேலை முடிந்ததும் பஸ் ஏறிப் பண்ருட்டி போய் அடகு வைத்திருக்கிறாள். கடைக்காரர் ஆதார் கேட்டார், எடுத்துக் கொடுத்திருக்கிறாள். போலீஸ் அடகுக்கடை ஒவ்வொன்றுக்கும் போன் போட, அவர் இவள் பெயரையும் விலாசத்தையும் வாசித்துவிட்டார்.

வந்ததும் முதலில் சொன்னாள்: “அக்காவுக்கு எதுவும் தெரியாதுங்க. சாவிய நான்தாங்க எடுத்தேன்.”

என்னை விட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

லேசாகத் தூறல், மண் கூட நனையவில்லை.

மங்கை வீட்டு வாசலில் சூ. “ஒரு ஆளு தானா கழிஞ்சிடுச்சு. நீயும் மங்கையும் கவலப்படாதீங்க” என்று சிரித்தான். மங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தில் நிம்மதி. என் முகத்திலும் இருந்திருக்கும். தூ.

சரசு மகள் மங்கை வீட்டில். மாத்திரை இன்னும் நான்கு நாளைக்கு இருக்கிறது.

எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் போனேன். மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் ஐந்து நிமிடம் விட்டார்கள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை. கணக்கு வராத பிள்ளை மாதிரி யோசித்துக்கொண்டு இருந்தாள்.

“அவளுங்க மூணு பேரும் தப்பிச்சாளுங்களேக்கா. நான் எதுல கோட்ட வுட்டேன்?”

இப்போதாவது சொல்லிவிடு என்றது மனது. வாய் வேறு சொன்னது.

“ஆதாரக் குடுத்தியேடி.”

“கேட்டாரு, குடுத்தேன். அவளுங்ககிட்ட யாரும் கேக்கலியா?”

“கேக்கலடி.”

சரி என்பதுபோல் தலையாட்டினாள். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.