ஒரு போனுக்கு எத்தனை பேர்

ஆகஸ்ட் 2, 2024, வெள்ளி

கோயிலிலிருந்து வந்து போனைத் திறந்தால், கரம் போர்ட் ஆட்டத்தில் என் புள்ளி இருபது ஏறியிருக்கிறது. மகள் நிஷாந்தி வேலைதான். கேட்டால் இல்லை என்கிறாள். பதினாறு வயதில் என்ன பொய்!

ஆகஸ்ட் 4

ஆட்டத்தின் தமிழ் அறையைக் கொழும்பிலிருந்து பார்த்துக்கொள்ளும் தேனுஜன், ஆடுபவர்களின் குழுவில் எழுதியிருக்கிறார். போன மாதம் குழுவில் எழுதியது பதினொரு பேர்தானாம். நூறு பேராவது ஆடுவதாகத் தெரியாவிட்டால் மாத முடிவில் அறையை மூடிவிடுவார்களாம்.

மூடினால் இங்கிலீஷ் அறைதான் மிச்சம். தேவாரப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான், அங்கே போய் என்ன செய்வேன்?

என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "கரம் போர்டுக்காக கொழும்போட சண்டையா? முருகா!"

சண்டைதான்.

ஆகஸ்ட் 5

தேனுஜனுக்கு எழுதினேன்: "தம்பி, கோயில்ல எத்தனை பேருன்னு வாசல்ல கெடக்குற செருப்ப வச்சுச் சொல்லலாம். வெறுங்காலோட வந்தவங்கள எப்படி எண்ணுவீங்க? எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கெடக்குற வீடுங்கள்ல, ஒரு போன்ல மூணு நாலு பேரு ஆடுறோம். டைப் பண்ணத் தெரியாது, ஆடத் தெரியும்."

"அப்ப நீங்களே எண்ணிக் காட்டுங்க அக்கா. பேரோட."

காட்டுவேன்.

ஆகஸ்ட் 18

மூன்று லயம் முடிந்தது. சும்மா பேர் எழுதுவதில்லை. என் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும். சண்முகவடிவு அத்தை ஒரே சுண்டில் சிவப்புக் காயைப் போட்டார். "என்னைய ஆளே இல்லேங்குறானா? அவன வந்து ஆடச் சொல்லு!"

வட்டவளைத் தோட்டத்தில் என் தங்கை ஜீவராணி எண்ணுகிறாள்.

ஆகஸ்ட் 28

நூற்று நான்கு!

ஆகஸ்ட் 29

பூசை முடித்து, நானும் தங்கையும் பேர் எழுதிய இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மீனம்மாவின் மகள் இங்கே தாய்வீட்டில் ஒரு தடவை, வட்டவளையில் புருஷன் வீட்டில் ஒரு தடவை. அப்படி ஐந்து பேர். அடித்தால் தொண்ணூற்றொன்பது.

"ஒண்ணுதானே, போட்டுடு. யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் அவர்.

"சாமி பாக்கும்."

மேசைமேல் கிடந்த என் போனை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

தொண்ணூற்றொன்பது என்றே அனுப்பினேன். கீழே ஒரு வரி: "பதினொண்ணு எங்க, இது எங்க? இப்ப மூடிப் பாருங்க."

செப்டம்பர் 1

அறை திறந்திருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஆட்டத்தைத் திறந்ததும் புதிதாக ஒரு கேள்வி, தமிழில்: இந்தப் போனில் எத்தனை பேர் ஆடுகிறீர்கள்?

கேட்டுவிட்டார்கள்!

நான், நிஷாந்தி. இரண்டு என்று போடப் போனேன். பின்னால் அவர் தொண்டையைச் செருமினார்.

"மூணு போடு."

"மூணாவது யாருங்க?"

"வெள்ளிக்கெழம நீ கோயிலுக்குப் போற நேரத்துல... சும்மா ஒரு ஆட்டம்."

ஊரையெல்லாம் எண்ணினேனே! பாவம் நிஷாந்தி. கொப்பியில் தொண்ணூற்றொன்பதை அடித்து நூறு என்று எழுதினேன்.

கோயிலுக்குக் கிளம்பும்போது போனைக் கையில் எடுத்தேன். பிறகு மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனேன்.