ஊஞ்சல் பெட்டியை யார் கட்டிப்போட்டார்கள்?

இன்று காலை ரயில் நிலையத்துப் படிக்கட்டில் உடைந்த கைப்பிடிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருகிய வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "ஏன் உடைஞ்சுதுன்னு பாத்தாங்களா, இல்ல சும்மா ஒட்டறாங்களா?" என்று கேட்டிருப்பீர்கள். டெக்ஸாஸில், கேட்டி நகரில் நீங்கள் காலமான செய்தி வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. யாரையும் எதையும் எளிதில் நம்பாத அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரிலிருந்து ஒரே காரில் வேலைக்குப் போனவர்கள் நாம். நீங்கள் பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கு நடுவே தொழில் கற்றவர். நான் கிரீன் கார்டுக்காக அந்தச் சின்னக் கம்பெனியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவன்.

ஐம்பதுகளில் யாரோ செய்த ஒரு பழைய பயணிகள் ரயில் பெட்டியைக் கம்பெனி அப்போது வாங்கிப்போட்டிருந்தது. தாழ்வான, வெள்ளிப் பாத்திரம்போல மின்னும் பெட்டி. மற்ற பெட்டிகள் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். இது உயரத்திலிருந்து தொங்கியது. வளைவு வந்தால் ஊஞ்சல்போல ஆடிச் சாய்ந்துகொடுக்கும், உள்ளே இருப்பவர் கையிலுள்ள காபி சிந்தாது என்பது அதைச் செய்தவர்களின் கனவு. அதற்கு மறுபடி உயிர் கொடுத்து, பணம் போடுகிறவர்களையும் ஊழியர் குடும்பங்களையும் ஏற்றி ஓட்டிக்காட்டுவது நம் மேலாளரின் திட்டம். "விண்டோ சீட் எனக்குத்தான்" என்று என் மகள் அப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

துருவைச் சுரண்டும்போது நீங்கள்தான் அதைக் கண்டீர்கள். பெட்டி ஆட வேண்டிய மூட்டினை, இரண்டு பக்கமும் தடித்த இரும்புத் துண்டு வைத்து யாரோ வெல்டிங் செய்து அடைத்திருந்தார்கள். விற்றவர்களைக் கேட்டால் தெரியாது என்றார்கள். வெட்டி எடுங்கள் என்றார் மேலாளர். நீங்கள் அசையவில்லை.

"இவ்ளோ அழுத்தமா அடைச்சவன் எதுக்கோ பயந்திருக்கான், ரகு. எதுக்குன்னு தெரியாம எப்படி வெட்டறது?"

அதன்பின் சனிக்கிழமைகளில் நீங்கள் தனியாக, கேமராவோடு பெட்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பதாகப் பேச்சு எழுந்தது. மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நீங்கள் போட்டிக் கம்பெனிக்குப் படம் விற்கிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஒரே காரில்தானே போகிறாய், கொஞ்சம் கவனித்துச் சொல் என்றார். என் கிரீன் கார்டைப் பற்றியும் அன்போடு விசாரித்தார்.

மறுநாள் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது நேரடியாகவே கேட்டேன்.

"சார், சனிக்கிழமை எதுக்கு ஃபோட்டோ எடுக்கறீங்க?"

நீங்கள் சாலையைப் பார்த்தபடியே இருந்தீர்கள். "இத கேக்கறது நீயா, அவரா?"

"அவர் கேக்கச் சொன்னார். ஆனா எனக்கும் தெரியணும். என் பொண்ணு அதுல ஏறப்போறா."

அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனீர்கள். டார்ச் வெளிச்சத்தில், அடைத்த மூட்டுக்குள் ஒரு பக்கம் மட்டும் இரும்பு ஆழமாகத் தேய்ந்திருப்பதைக் காட்டினீர்கள். அந்தத் தேய்மானத்தைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தீர்கள். "பெட்டி ஒரு பக்கம் சாஞ்சு, அப்படியே மாட்டிக்கிட்டு நின்னிருக்கு. இது என் ஊகம்தான். மனுஷங்களுக்கு முன்னாடி மணல் மூட்டைய ஏத்தி ஓட்டிப் பாக்கணும்." சொல்லிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் அளந்தீர்கள், இதில் எவ்வளவு மேலாளர் காதுக்குப் போகும் என்று.

திங்கட்கிழமை மேலாளரிடம் நானே போனேன். மணல் மூட்டையை ஏற்றிப் பார்க்காமல் என் குடும்பம் வராது, நானும் ஏறமாட்டேன் என்றேன். இதைச் சொல்லச் சொன்னது நீங்களா என்று அவரும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். விஷயம் மற்ற ஊழியர்களிடம் பரவிய பிறகுதான் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

வெல்டிங்கை வெட்டி, இருக்கைகளில் மூட்டைகளை வைத்து, சிறிய எஞ்சினால் இழுத்தார்கள். முதல் வளைவில் பெட்டி அத்தனை அழகாகச் சாய்ந்தது; மேலாளர் கை தட்டினார். உடனே தண்டவாளம் எதிர்ப்பக்கம் திரும்பியது. பெட்டி திரும்பவில்லை. சாய்ந்தது சாய்ந்தபடியே, தப்பான பக்கம் தொங்கிக்கொண்டு வளைவுக்குள் போனது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தைவிட்டு எழும்பி, மறுபடி விழுந்தது. எஞ்சின் டிரைவர் நிறுத்திவிட்டார். கதவைத் திறந்தபோது மூட்டைகள் எல்லாம் ஒரு பக்க ஜன்னல்களின் மேல் குவிந்து கிடந்தன. ஒன்று கிழிந்து, ஜன்னலோர இருக்கை முழுக்க மணல்.

மேலாளர் நன்றி சொல்லவில்லை. இதை வெளியே யாரிடமாவது சொன்னீர்களா என்றுதான் கேட்டார்.

ஆடும் மூட்டினை மறுபடி வெல்டிங் செய்து அடைத்து, பெட்டியை ஆபீஸ் வாசலில் காட்சிக்கு நிறுத்தினார்கள். வெல்டிங் பக்கத்திலேயே, ஏன் வெட்டக்கூடாது என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிவைத்தீர்கள். அடுத்த வாரம் அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் ஏறியிருந்தது. யார் அடித்தது என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் மறுபடி எழுதினீர்கள், இந்த முறை உளியால். கொஞ்ச நாளில், வேலை குறைந்துவிட்டது என்று சொல்லி உங்களை மட்டும் நிறுத்தினார்கள். என் கிரீன் கார்டு ஏனோ வந்துசேர்ந்தது. அதற்கும் நீங்கள் என்னைச் சந்தேகித்திருப்பீர்கள் என்று பல நாள் உறுத்தியது.

இன்று நான் எதையாவது அடைத்தால் காரணத்தை அங்கேயே எழுதிவிடுகிறேன். கூட வேலைசெய்யும் சின்னப் பையன்கள் சிரிக்கிறார்கள்.

நீங்கள் டெக்ஸாஸ் கிளம்பிய காலையில் வழியனுப்ப வந்தேன். காருக்குப் புது டயர் மாட்டியிருந்தீர்கள். ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "நான் இறுக்கினது. நீ ஒரு தடவ பாத்துடு" என்றீர்கள். நான் நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து, "சரியா இருக்கு சார்" என்று எழுந்தேன்.

நீங்கள் குனிந்து பார்க்கவில்லை. உங்கள் குழந்தைகளைப் பின்னால் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள்.